ஆடி மாதத்துச் சபாநாயகர்

பாய்,

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். எங்கள் அலுவலகத்து ஹெட்கிளார்க்கின் மகனுக்குக் கல்யாணம். வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்று, மேடைப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அதே நாற்காலி. சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சுக் கைப்பிடி, தலைக்குமேல் இரண்டு மயில்கள், அதில் இடப்பக்கத்து மயிலுக்கு மூக்கு உடைந்திருக்கிறது. மாப்பிள்ளை கோட்டு சூட்டுடன் அதில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, நீங்கள்தான் தெரிந்தீர்கள். "நவுரும்மா, போட்டோக்காரரு காத்துக்கினு இருக்காரு" என்று பின்னால் நின்ற அம்மாள் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தேன். அந்தப் படத்தில் நான் மணமக்களைப் பார்க்காமல் நாற்காலியை முறைத்துக்கொண்டு நிற்பேன். ஹெட்கிளார்க் வீட்டில் என்ன நினைப்பார்களோ.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் படிக்கப் போவதில்லை. இருந்தபோது மட்டும் எதை முழுதாகப் படித்தீர்கள்? வரைவு மசோதாவைக் கையில் கொடுத்தால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஆளுங்களுக்கு இன்னாம்மா இருக்குது?" என்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நம் மாதிரி நாடாளுமன்றம் ஆடி மாதத்தில்தான் கூடும். ஏன் ஆடி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆடியில் இந்தப் பக்கம் கல்யாணம் வைப்பது குறைவு, மண்டபம் சும்மா கிடக்கும், மண்டபக்காரர் நம் வாசகர் வட்டத்தில் ஒருவர். கடைசியில் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தால் போதும் என்று சாவியைத் தந்துவிடுவார். டில்லியில் மழைக்காலக் கூட்டத்தொடர் என்றால் நமக்கு ஆடிக் கூட்டத்தொடர். மணமேடைதான் சபாநாயகர் மேடை, மாப்பிள்ளையின் மயில் நாற்காலிதான் சபாநாயகர் நாற்காலி. மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் பக்கம் ஆளுங்கட்சி, பெண் வீட்டார் பக்கம் எதிர்க்கட்சி. பின்னால் நான்கு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் பார்வையாளர் மாடம்.

அந்த வாசகர் வட்டத்தில் அரசுத் தேர்வுக்காக அரசியலமைப்புப் பாடம் படித்தவர்கள் சேர்ந்து தொடங்கிய விளையாட்டு அது. தேறியவர்கள், தேறாதவர்கள், தேர்வுப் பக்கமே போகாதவர்கள் என்று பிறகு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். போகப்போக அது விளையாட்டு என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. உண்மையான கட்சியின் பெயரோ தலைவரின் பெயரோ யார் வாயிலும் வரக்கூடாது. கட்சியைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். நம் பக்கத்து விளைச்சலின் பெயரில் மல்லாட்டைக் கட்சி, கேப்பைக் கட்சி, சவுக்குக் கட்சி என்று மூன்று. எந்தச் சீட்டு வருகிறதோ அந்தக் கட்சிக்காகத் தொண்டை கிழியப் பேச வேண்டும். போன வருடம் எதிர்த்ததை இந்த வருடம் ஆதரிக்க வேண்டியிருந்தால் அதற்கும் வெட்கப்படக் கூடாது.

உங்களை முதலில் ஜெராக்ஸ் கடைக்காரராகத்தான் தெரியும். வீடு பாண்டிச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், கடை திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். ஒரு மூலையில் விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பீர்கள். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, "போதும்" என்று திரும்பியவர் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். நான் கொடுத்த மசோதாவைப் பிரதி எடுத்துக்கொண்டே ஒரு பக்கத்தில் கண்ணை ஓட்டி, "மேடம், இந்த ஆறாவது பிரிவு ஒரே பேஜாரா இருக்குதே. நானும் வரலாமா உங்க பார்லிமெண்டுக்கு?" என்றீர்கள். வாங்க பாய் என்றேன். அதற்குப் பிறகு நம் சபை அமைதியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எதற்கெடுத்தாலும் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவீர்கள். மின்விசிறி ஆளுங்கட்சிப் பக்கம் மட்டும் ஓடுகிறது என்று ஒரு ஒழுங்குப் பிரச்சினை. பிரதமர் பேசும்போது வேர்க்கடலை தின்கிறார் என்று ஒன்று. அந்த வருடம் சபாநாயகராக இருந்த கதிர்வேல் சார் மணியடித்து மணியடித்துக் கை ஓய்ந்துபோனார். விழுப்புரத்துப் பள்ளியில் பிள்ளைகளை அடக்குகிறவருக்கு உங்களை அடக்க முடியவில்லை. ஒருமுறை கோபமாக வெளிநடப்புச் செய்தீர்கள். கால் மணி நேரம் கழித்து எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்து, "வெளிய வெயிலு தாங்கல, உள்நடப்பு செய்றேன்" என்றீர்கள். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டியது அன்றைக்குத்தான் முதல்முறை.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த மனிதரின் மனதில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று தொடங்கும் வாக்கியத்தை இந்த ஒரு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொள்கிறேன்.

அரசியலமைப்புத் திருத்தம் என்று நாம் முடிவு செய்த அந்த ஆடி உங்களுக்கு நினைவிருக்கும். சாதாரண மசோதாக்கள் போரடித்துவிட்டன, இந்த முறை பெரிதாக எடுப்போம் என்றார் கதிர்வேல் சார். குலுக்கலில் நான் மல்லாட்டைக் கட்சிக்கு வந்தேன். ஆளுங்கட்சி, அதில் நான் கொறடா. அவர் கேப்பைக் கட்சித் தலைவர், எதிர்க்கட்சி. நீங்கள் சவுக்குக் கட்சித் தலைவர். உங்களிடம் ஆள் குறைவு. ஆனால் திருத்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் உங்கள் தயவு இல்லாமல் யாருக்கும் ஒன்றும் நடக்காது. "சவுக்குக் கட்டைய வெச்சாதான் கூரை நிக்கும்" என்று உங்களுக்கு ஒரே பெருமை.

எங்கள் கட்சிக்கு ஒரு திருத்தம் வேண்டும்: அரசியலமைப்பைத் திருத்தும் வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் கொறடா சொல்லைக் கேட்க வேண்டியதில்லை, மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்பது. கொறடாவான நானே கொறடாவின் பல்லைப் பிடுங்க அலைந்தேன். கதிர்வேல் சார் கட்சிக்கு, சட்டமன்றங்கள் வருடத்துக்கு இத்தனை நாளாவது கூடியே தீர வேண்டும் என்பது வேண்டும். நீங்கள் கேட்டது மூன்றாவது. வெளிநாடுகளில் உழைக்கப் போனவர்களுக்கு நாடாளுமன்றத்தில் தனியாகச் சில இடங்கள், அங்கிருந்தே அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இடங்கள்.

பேச்சுவார்த்தை உங்கள் கடையில்தான் நடந்தது. மாலை பாசஞ்சரில் நானும் கதிர்வேல் சாரும் விழுப்புரத்திலிருந்து வந்து இறங்குவோம். ரயிலில் பாதிச் சண்டையை முடித்துவிட்டு மீதியோடு கடைக்கு வருவோம். வாடிக்கையாளருக்கு ஆதார் அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டே, "மேல பேசுங்க, என் காது இங்கதான் இருக்குது" என்பீர்கள். மூன்று பிரிவையும் ஒரே மசோதாவில் கட்டி, ஒருவர் பிரிவுக்கு மற்றவர்கள் கை தூக்குவது என்று நான்கைந்து மாலைகளில் பேச்சு கனிந்தது. சபாநாயகர் யார் என்பதில் முட்டி நின்றது. எங்கள் ஆளைக் கதிர்வேல் சார் ஏற்கவில்லை. அவர் ஆளை நாங்கள் ஏற்கவில்லை. மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே.

முதலில் யார் சொன்னது என்று இப்போது அவரைக் கேட்டால் நான் என்கிறார். நான் அவர் என்கிறேன். யாரோ ஒருவர் சொன்னோம்: "பேசாம பாயையே போட்டுடலாம். ரெண்டு பக்கமும் நம்பற ஆளு." அடுத்த நொடி மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சபையில் அதிகம் சத்தம் போடுகிறவர்தான் சத்தத்தை அடக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நீங்களும் சிரித்தீர்கள். பிறகு பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டு, "நான் ஒத்துக்கினா என் பிரிவு ஓட்டுக்கு வந்துடுமா?" என்று கேட்டீர்கள். கட்டாயம் வரும் என்றோம். "அப்ப சரி. மாப்பிள்ளை ஆவறேன்" என்றீர்கள்.

துணை சபாநாயகர் பதவி மிச்சம் இருந்தது. அதற்கும் சண்டை வரும் போலிருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். யார் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதில்தான் எங்கள் இரண்டு பேரின் மூளையும் இருந்தது. உட்காருகிறவருக்கு என்ன பறிபோகும் என்று அரசியலமைப்பைக் கரைத்துக் குடித்த நாங்கள் யோசிக்கவில்லை. சபாநாயகர் விவாதத்தில் பேச மாட்டார். சமமாக வந்தாலொழிய வாக்களிக்க மாட்டார். மூன்றில் இரண்டு பங்கு கேட்கும் வாக்கெடுப்பில் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறவர் அவர், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

அன்று கதிர்வேல் சார் திரும்பும் ரயிலுக்குப் போன பிறகு நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கினீர்கள். இந்த வெளிநாட்டு இடங்கள் விஷயத்தில் உங்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று சும்மா கேட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"அங்க ஒருத்தன் செத்தா பேப்பர்ல ஒரு வரி வரும்மா. அந்த வரி சரியா தப்பான்னு கேக்க நம்மளுக்கு ஒரு ஆளு கிடையாது."

"யாரு பாய் செத்தது?"

"சபையில சொல்றேன். இங்க சொன்னா இங்கயே முடிஞ்சிடும்."

நான் மேலே கேட்கவில்லை. பேச்சை மிச்சம் பிடித்து வைக்கிறீர்கள், நல்ல பேச்சாளர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மல்லாட்டைக் கட்சிக்கு யார் யார் கை தூக்குவார்கள் என்ற கணக்குத்தான் வழியெல்லாம்.

கூட்டத்தொடர் நாளில் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக வந்தீர்கள். உங்களோடு உங்கள் மனைவியும் வந்திருந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. பார்வையாளர் மாடத்தில் முன்வரிசை ஓரத்தில் உட்காரவைத்தீர்கள். நான் போய் வணக்கம் சொன்னபோது கறுப்புப் புர்காவைச் சரிசெய்துகொண்டு, "அவரு பேசறது எந்நேரம்மா?" என்று கேட்டார். மூன்றாவது பிரிவு மதியத்துக்கு மேலேதான் வரும் அக்கா என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் பதிலில் இருந்த ஓட்டை அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உங்களுக்கு எப்போது உறைத்தது பாய்? முதல் பிரிவு விவாதத்தில் கேப்பைக் கட்சிக்காரர் ஒருவர் தப்பாக ஏதோ சொன்னார். நீங்கள் வழக்கம்போலத் துள்ளி எழுந்தீர்கள். சபை முழுக்கக் கைகொட்டிச் சிரித்தது. "சபாநாயகர் அவர்களே, ஒழுங்கு, ஒழுங்கு" என்று கதிர்வேல் சார் உங்களைப் பார்த்துச் சொன்னார். நீங்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்த பிறகு பார்வையாளர் பக்கம் ஒரு பார்வை பார்த்தீர்கள். அப்போதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பிரிவு வந்தது. சவுக்குக் கட்சி சார்பில் வங்கி ஊழியர் ஒருவர் பேசினார். நல்ல மனிதர்தான். எந்தெந்த நாட்டில் இப்படி இடங்கள் இருக்கின்றன, எப்படித் தொகுதி பிரிக்கலாம் என்று வரிசையாக வாசித்தார். பார்வையாளர்களில் பாதிப் பேர் கண்ணயர்ந்தார்கள். கதிர்வேல் சார் எழுந்தார். அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்நிய நாட்டு மண்ணில் வாக்குச்சாவடி வைக்க அந்த நாடு ஒத்துக்கொள்ளுமா? முதலாளியின் முகாமில் தங்கியிருப்பவர் பயமில்லாமல் வாக்களிக்க முடியுமா? இங்கே வாழாதவருக்கு இங்கத்திச் சட்டத்தில் என்ன பங்கு? "அவங்க மேல நமக்குப் பரிவு இருக்குது. ஆனா பரிவை எல்லாம் அரசியலமைப்புல எழுத முடியாது" என்று முடித்தார். ஒப்பந்தப்படி அவர் கை தூக்கத்தான் போகிறார். சபைக்குச் சுவையாக இருக்கட்டும் என்றுதான் எதிர்த்துப் பேசினார். ஆனால் அந்தப் பேச்சு சிலர் மனதை மாற்றிக்கொண்டிருந்தது. அதை நான் முகங்களில் பார்த்தேன்.

உங்கள் முகத்தையும் பார்த்தேன். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தீர்கள். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உங்கள் வாய்க்குள் இருந்தது. வங்கி ஊழியர் பதில் சொல்ல எழுந்தார், தடுமாறினார், நேரம் முடிந்தது. நீங்கள் மணியடித்தீர்கள். உங்கள் கட்சிக்காரர், உங்கள் பிரிவுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டோம். "உறுப்பினர் அமரவும்" என்றீர்கள். எத்தனை நேர்மை என்று அப்போது மெச்சினேன்.

வாக்கெடுப்பில் மற்ற இரண்டு பிரிவுகளும் நிறைவேறின. உங்களுடையது ஒரே ஒரு ஓட்டில் விழுந்தது. மனம் மாறியவர்களைக் கழித்தாலும் என் கணக்குப்படி சரியாக இருந்திருக்க வேண்டும். கதிர்வேல் சாரின் கணக்கும் அப்படித்தான். இரண்டு பேருமே உங்களையும் ஒரு தலையாக எண்ணி வைத்திருந்தோம். நீங்கள் எழுந்து நின்று, "தேவையான பெரும்பான்மை கிடைக்காததால் மூன்றாவது பிரிவு தோல்வியடைந்தது" என்று படித்தீர்கள். குரல் பிசகவில்லை.

கூட்டம் முடிந்ததும் நீங்கள் மேடையிலிருந்து இறங்கி நேராகப் பார்வையாளர் பக்கம் போனீர்கள். அக்கா இல்லை. பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிக்க முன்பே கிளம்பிவிட்டிருந்தார். வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். என்னையும் கதிர்வேல் சாரையும் பார்த்து, "ஒரு ஓட்டு. ரெண்டு படிச்ச புள்ளைங்க சேர்ந்து என்னைக் கவுத்துட்டீங்க" என்று சிரித்தீர்கள். "அடுத்த ஆடிக்கு சாதா ஆளா வர்றேன். அப்ப இருக்குது உங்களுக்கு."

அந்த ஒரு ஓட்டுத்தான் நட்டம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மறுநாள் மாலை பாசஞ்சரில் நானும் கதிர்வேல் சாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

மாசியில் ஒரு காலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நெஞ்சுவலி என்று பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்களாம், வழியிலேயே முடிந்துவிட்டதாம். கதிர்வேல் சார் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். கோட்டக்குப்பத்துக்குப் போனோம். அவர் வெளியே ஆண்களோடு நின்றார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்தேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்றுகூடத் தெரியவில்லை. உங்களைப் பற்றி அங்கே எல்லோரும் சொன்னது, சிரிக்க வைக்கிற மனிதர் என்பதுதான்.

இந்த வருடம் ஆடிக் கூட்டத்தொடர் வந்தபோது யாருக்கும் குலுக்கலில் உற்சாகம் இல்லை. கதிர்வேல் சார்தான் சொன்னார், பாயின் பிரிவை மறுபடி கொண்டுவருவோம், ஒருமனதாக நிறைவேற்றுவோம், அதுதான் அவருக்கு மரியாதை என்று. எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நானும்தான். அக்காவுக்கு இத்தா காலம் முடிந்திருந்தது. கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த நான்கு மாதத்தையும் பத்து நாளையும் கழித்துவிட்டு, நாங்கள் அழைத்தோம் என்பதற்காகப் பஸ் ஏறி வந்தார். முன்வரிசையிலேயே உட்காரவைத்தோம்.

முன்னே உங்கள் பிரிவை வெளுத்து வாங்கிய கதிர்வேல் சாரே முன்மொழிந்தார். "விவாதம் தேவையில்லை என்று கருதுகிறேன்" என்றார். யாரும் எழவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. மேசைகள் அதிர்ந்தன. எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். அக்காவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். எத்தனையோ மசோதாக்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட சபை, உங்களுடையதை ஒரு வார்த்தை பேசாமல் நிறைவேற்றியது. எனக்குக் கண்ணீர் வந்தது. நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியும் வந்தது, பொய் சொல்வானேன்.

பந்தியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் கை வைக்காமல் இருந்தார். உடம்புக்கு என்ன அக்கா என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா. போன வருஷம் அவரு பேசறேன்னு சொல்லித்தான் என்னை இட்டாந்தாரு. பேசல. இந்த வருஷம் நீங்கல்லாம் பேசுவீங்கன்னு வந்தேன். யாரும் ஒரு வார்த்தை பேசலியே."

"என்ன பேசறதா சொன்னாரு அக்கா?"

"என் தம்பியப் பத்தி."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். உங்களோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவன் அவருடைய ஒரே தம்பி. நீங்கள்தான் விசா வாங்கிக் கூட்டிப் போனீர்கள். ஒரு வருடம் ஆவதற்குள் செத்துப்போனான். பெட்டி வந்தது. இயற்கை மரணம் என்று காகிதத்தில் ஒரு வரி வந்தது. அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

"வீட்டுல எத்தினி தபா கேட்டிருப்பேன்! இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. எழுந்து வெளிய பூடுவாரு. அப்புறம் ஒருநாள் அவராவே சொன்னாரு, உன் மூஞ்சியப் பாத்து தனியா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, சபையில எழுந்து நின்னா சொல்லிடுவேன், அங்க நடுவுல ஓட முடியாது, நீ வந்து உக்காந்து கேட்டுக்கோன்னு. வந்தேன். மேல உக்காந்துக்கினு என்னையே பாத்தாரு. எப்ப எழுந்து பேசுவாரு, எப்ப எழுந்து பேசுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன். மணி அடிச்சாரு. அவ்ளோதான்."

பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் இருவருமே வேண்டாம் என்றோம்.

"உங்களாண்ட யாருக்காச்சும் சொல்லியிருக்காராம்மா? என் தம்பி எப்படிச் செத்தான்னு?"

அன்று ஷட்டருக்குக் கீழே நீங்கள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அங்கே ஒருவன் செத்தால் காகிதத்தில் ஒரு வரி வரும், அது சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லை. அவர் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப அந்த வரி தப்பு" என்றார். பிறகு, "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் அக்கா என்றேன். வங்கி ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்கள் அவருக்குத் தொகுதிக் கணக்கும் வெளிநாட்டு உதாரணங்களும் மட்டும்தான் கொடுத்தீர்களாம். "மத்ததை நான் பாத்துக்கறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு மேடம்" என்றார். கதிர்வேல் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் போய் நின்றவர், வெகுநேரம் திரும்பவில்லை.

அன்றைக்கு உங்களுக்கு ஒரு துணை சபாநாயகர் இருந்திருந்தால் போதும் பாய். கால் மணி நேரம் அவர் மேலே உட்கார்ந்திருப்பார், நீங்கள் கீழே இறங்கி நின்று பேசியிருப்பீர்கள். சண்டை வருமே என்று நாங்கள் தள்ளிப்போட்டது அந்தக் கால் மணி நேரத்தைத்தான். நீங்களாவது சொல்லியிருக்கலாம், விதியை ஓரமாக வையுங்கள், எனக்கு ஒன்று பேச வேண்டியிருக்கிறது என்று. எதற்கெல்லாமோ சத்தம் போட்டவர் அதற்கு மட்டும் ஏன் போடவில்லை? ஒருவேளை நாற்காலி கிடைத்ததில் உங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி இருந்ததோ? கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள், இஷ்டத்துக்குக் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்காவைப் பஸ் ஏற்ற நானும் போனேன். நடந்துகொண்டே கேட்டார்: "அன்னிக்கு நானாச்சும் எழுந்து கேட்டிருக்கலாமோ? எல்லார் முன்னாடியும் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ?"

"பார்வையாளர் பேசக் கூடாதுக்கா. பேசினா சபாநாயகர் வெளிய அனுப்பணும்" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

"என்னையா?"

"உங்களையும்தான்."

"அனுப்பியிருப்பாரு" என்றார். சிரித்தார். சிரித்த வாயைப் புர்காத் துணியால் பொத்திக்கொண்டு அப்படியே அழுதார். வழியில் போகிறவர்கள் பார்த்தார்கள். நானும் அவரோடு நின்றுகொண்டிருந்தேன்.

பாண்டிச்சேரி பஸ் வந்தது. பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுத்த ஆடிக்கும் வர்றேம்மா. யாருக்காச்சும் எதனா ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்றார். வாங்கக்கா என்று கையை ஆட்டினேன்.

ஞாபகம் வர எங்களிடம் எதுவும் இல்லை பாய். நீங்கள் சொன்னால்தானே நாங்கள் மறப்பதற்கு? ஆனாலும் அவர் வருவார். அவருக்குத் தெரிந்த வேறு இடம் எது? முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் பேசாமல் விட்ட பேச்சை நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவர் வந்து உட்காரும்போது அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று இப்போதிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.